துணைவர் மேசையும் தூய்மைப் பணியும்

ஒழுங்கு என்பது இருவகைப்படும். பலர்க்கும் பொதுவாய் நின்று, யாவர் வந்து தேடினும் தேடிய பொருள் கிட்டுமாறு அமைந்தது ஒன்று; ஒருவர்க்கே உரியதாய், அவரன்றிப் பிறர் வந்து தேடின் எளிதிற் கிட்டாதவாறு அமைந்தது மற்றொன்று. முன்னதற்கு நூல்நிலையமும், பின்னதற்கு வீட்டிலே கணவனோ மனைவியோ எழுதப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் மேசையும் எடுத்துக்காட்டாகும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனாலேயே, பல இல்லங்களில் வெள்ளையடிக்கும் காலந்தோறும் ஒரு சிறு போர் நிகழ்கின்றது. பொங்கலுக்கு முந்திய போகியாயினும், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய வாரமாயினும், வீடு முழுவதும் பொலிவு பெறுகின்றது. மேசைக்குடையவர் முகம் மட்டும் பொலிவிழக்கின்றது.

இச்சிறு போரில் இரு பக்கத்தாரும் நல்லெண்ணமுடையவரே. ஒருவர் அன்பினால் அடுக்குகின்றார். மற்றவர் தம் வேலை கெட்டதென்று வருந்துகின்றார். அன்பும் வேலையும் இவ்வாறு முட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. இதுபற்றி யான் கொண்ட முடிவு சுருக்கமானது. மேசைமேற் படிந்த தூசி வீட்டுக்குரியது. மேசைமேல் அமைந்த வரிசை மேசையை ஆள்பவர்க்குரியது. தூசியை நீக்கும் உரிமை இல்லத்தார் யாவர்க்கும் உண்டு. வரிசையை மாற்றும் உரிமை உடையவர்க்கன்றி மற்றையோர்க்கு இல்லை. இவ்வெல்லையை இருவரும் அறிந்து நடப்பின், மேசையும் துப்புரவாகும், மனமும் புண்படாது. இதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

கலைந்து கிடக்கும் மேசை காண்பார்க்கு ஒரு குப்பைமேடு. உடையவர்க்கோ அஃது ஒரு நினைவுப் பலகை. ஆசிரியர் ஒருவரின் மேசையைக் கருதுக. இடக்கோடியில் இருப்பன திருத்தி முடித்த விடைத்தாள்கள். அவற்றின்மேற் குறுக்காகக் கிடப்பன, கூட்டலைச் சரிபார்க்க வேண்டியவை. கவிழ்த்து வைத்த புத்தகம், நாளை வகுப்பில் நடத்தவேண்டிய பக்கத்தைக் காத்து நிற்கின்றது. மற்றொரு புத்தகத்தினூடே செருகிய பேருந்துச் சீட்டு குப்பையன்று. மேற்கோள் ஒன்றிருக்கும் இடத்திற்கு அடையாளம். மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியிலுள்ள மின்கட்டணச் சீட்டு, கண்ணாடியை எடுக்குந்தோறும் இன்னும் பணம் கட்டவில்லை என்பதை நினைவூட்டும் பொருட்டே அங்கு வைக்கப்பட்டது. இக்குறிப்புகளுள் ஒன்றேனும் எழுத்தால் எழுதப்பட்டதன்று. எல்லாம் இடத்தால் எழுதப்பட்டவை. ஆதலின், இடத்தை மாற்றுபவர் எழுதியதை அழிப்பவரே ஆவர்.

இது வெறும் ஊகமன்று. தாமஸ் மலோன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அலுவலகத்திற் பணிபுரிவோர் தம் மேசைகளை எங்ஙனம் அமைத்துக்கொள்கின்றனர் என்பதை ஆராய்ந்து, 1983-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காகிதங்களைப் பெயரிட்ட கோப்புகளில் அடுக்குவாரும் உளர்; பெயரின்றிக் குவியலாக வைப்பாரும் உளர் என்றும், மேசையின் பயன் வேண்டியதைத் தேடி எடுத்தல் மட்டுமன்று, செய்யவேண்டியதை நினைவூட்டுதலும் ஆகும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கண்ணிற் படும் இடத்திற் கிடக்கும் காகிதம் தானே உடையவரை அழைக்கும். அதே காகிதத்தை அழகிய உறையிலிட்டு இழுப்பறையில் வைத்துவிட்டாலோ, அவர்தாம் அதனை நினைந்து தேடவேண்டும். துப்புரவு செய்தவர் காகிதத்தை இழக்கச் செய்யவில்லை. ஆயின் அதன் அழைப்பை இழக்கச் செய்துவிட்டார்.

குவியலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. எடுத்துப் பார்த்த தாளை மீண்டும் குவியலின் உச்சியில் வைப்பதே பலரது வழக்கம். இதனால், அண்மையில் வேண்டியிருந்தவை மேலும், நெடுநாளாய் வேண்டாதவை அடியிலும் தாமே அமைந்துவிடுகின்றன. கணினியியல் வல்லுநராகிய டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் என்னும் இருவர், 1985-ஆம் ஆண்டில் இதனையொத்த ஒரு வினாவைக் கணிதத்தால் ஆராய்ந்தனர். தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடவேண்டிய பட்டியலொன்றில், எடுத்த பொருளை ஒவ்வொரு முறையும் முதலிடத்தில் வைத்துவரின், தேடுதற்காகும் உழைப்பு, இனி வரும் தேவைகளையெல்லாம் முன்னரே அறிந்த ஒருவர் வகுக்கும் முறைக்காகும் உழைப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்குக்கு மேற்படாது என்று அவர்கள் நிறுவினர். சோம்பலின் விளைவெனத் தோன்றும் குவியல், இங்ஙனம் கணிதத்தின் சான்றை ஓரளவேனும் பெற்றிருக்கின்றது. பெரிய தாளை அடியிலும் சிறிய தாளை மேலுமாக அடுக்குபவரோ, காலத்தின் வரிசையைக் களைந்து அளவின் வரிசையைப் புகுத்துகின்றார். ஏட்டுச் சுவடியின் கயிற்றை அவிழ்த்து, ஏடுகளை நீளம் பார்த்துச் சேர்த்துக் கட்டினாற் போன்றது அச்செயல். கட்டு அழகாயிருக்கும், பாட்டைத்தான் படிக்க இயலாது.

நூல்நிலையத்தில் எல்லாவற்றையும் வகுத்து எண்ணிட்டு வைக்கின்றனரே, வீட்டு மேசைக்கு மட்டும் அஃது ஆகாதோ எனச் சிலர் வினவலாம். சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்த சீ. இரா. அரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலியற்றினார். வாசகரின் காலத்தைக் காக்கவேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. அவ்விதியையே மேசைக்கும் பொருத்திப் பார்ப்போமாக. நூல்நிலையத்தின் வாசகர் ஆயிரவர். மேசையின் வாசகர் ஒருவரே. ஆயிரவர் காலத்தைக் காப்பதற்குப் பொதுவான எண்ணும் அட்டவணையும் வேண்டும். ஒருவர் காலத்தைக் காப்பதற்கோ, அவ்வொருவரின் கையும் கண்ணும் பழகிய இடமே போதும். ஆகவே அப்பேரறிஞரின் விதி, மேசையைக் கலைப்பார்க்குத் துணை நில்லாது. அதனை ஆள்பவர்க்கே துணை நிற்கின்றது.

ஆவணக் காப்பகங்களை நடத்துவோர் இந்நுட்பத்தை நெடுநாள் முன்னரே உணர்ந்தனர். முல்லர், பெயித், பிரூயின் என்னும் ஒல்லாந்து நாட்டறிஞர் மூவர் 1898-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு, ஓர் அலுவலகத்தின் ஆவணங்கள் அவ்வலுவலகத்தில் எவ்வரிசையில் வளர்ந்தனவோ, அவ்வரிசையை அடிப்படையாகக் கொண்டே அவற்றைக் காக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. பொருள் வாரியாகப் பிரித்து அடுக்கின் கண்ணுக்கு இனிதாகலாம். ஆயினும், எக்கடிதம் எதனோடு கிடந்தது என்னும் செய்தி அழிந்தால், அக்கடிதத்தின் பொருளிற் பாதி அழிந்துவிடும் என்பதே அதன் கருத்து. இறந்தாரின் காகிதங்களுக்கு அறிஞர் காட்டும் இம்மதிப்பை, நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, மாலையில் வந்து அம்மேசையில் அமரப்போகும் ஒருவர்க்கு நாம் காட்டலாகாதோ?

இடம் மாறிய காகிதத்தைத் தேடியேனும் எடுக்கலாம். எறிந்த காகிதம் மீளாது. ஆங்கில இலக்கியம் பயில்வோர் கார்லைலுக்கு நேர்ந்ததை அறிவர். பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிவந்த அவர், முதற் பகுதியின் கையெழுத்துப் படியைத் தம் நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குப் படிக்கக் கொடுத்திருந்தார். வீட்டுப் பணிப்பெண் அதனைப் பயனற்ற காகிதமென்று கருதி அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டாள் என்பர். 1835-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மில் வந்து இச்செய்தியைச் சொன்னார். கார்லைலிடம் வேறு படி இல்லை. அப்பகுதியை அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதினார். நூல் 1837-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் நாட்டிலும் இத்தகைய இழப்புக்குக் குறைவில்லை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும், நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதையும் உ. வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதிவைத்திருக்கின்றார். இச்செயல்களிற் பகைமை எங்கும் இல்லை. பணிப்பெண் தன் கடமையைச் செய்தாள். ஏடு விட்டோர் புண்ணியமென்று எண்ணியே விட்டனர். தமக்குப் பொருள் விளங்காத தாள் ஒருவர்க்கும் பயன்படாத தாள் என்று கொண்டதே குற்றம். அக்குற்றம் நம் வீட்டு மேசையருகே துணியுங் கையுமாய் நிற்பவரிடத்தும் எளிதில் வந்து புகும்.

இதனால், கலைந்த மேசையெல்லாம் போற்றத்தக்கது என்று யான் சொன்னதாகக் கொள்ளற்க. 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் ஐன்ஸ்டீன் மறைந்த அன்று, பிரின்ஸ்டன் நகரில் அவருடைய மேசை இருந்தவாறே படமெடுக்கப்பட்டது. காகிதங்கள் பரந்து கிடக்கும் அப்படத்தைத் தம் சோம்பலுக்குக் கேடயமாகப் பிடிப்போர் பலர். மேசை கலைந்திருந்ததனால் அவர் அறிஞரானார் அல்லர். அவரைப்போல் மேசையை வைத்துக்கொள்வதனால் நாமும் அறிஞராகப் போவதில்லை. குவியலையும் குப்பையையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. இன்ன காகிதம் வேண்டும் என்று கேட்டவுடன், உடையவர் கை நேரே சென்று அதனை எடுக்குமாயின், அங்கே ஒழுங்கு இருக்கின்றது. கை தடுமாறி, மூன்று குவியலைப் புரட்டி, இறுதியில் இல்லத்தாரைக் குறைகூறத் தொடங்குமாயின், அங்கே இருப்பது ஒழுங்கன்று. மேலும், நம் நாட்டின் வெயிலும் மழையும் காகிதத்திற்கு இரக்கம் காட்டுவன அல்ல. சுவரையொட்டி அசையாது கிடக்கும் குவியலை அடியிலிருந்து கறையான் தின்னும். இராமபாணப் பூச்சி அட்டையை அரிக்கும். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்னும் உடையவரும், ஒரு மழைக்காலத்திற்குப் பின் தம் ஒழுங்கோடு காகிதத்தையும் சேர்த்து இழப்பர். ஆதலின் தூசி தட்டும் துணி பகையன்று, வேண்டுவதே.

இனி, இம்முறைமை ஒருவர்க்கு மட்டும் உரியதாகாது என்பதையும் கூறுதல் வேண்டும். கலைப்பவர் கணவர், அடுக்குபவர் மனைவி என்று கொண்டே இப்பொருளைப் பலரும் பேசுகின்றனர். இருவரும் கற்று, இருவரும் பணிபுரியும் இல்லங்கள் பல. அவற்றுட் சிலவற்றில், அவருக்குத் தனி மேசையும், தொடாதே என்னும் ஆணையும் உண்டு. அம்மையார் விடைத்தாள் திருத்துவதோ உணவு மேசையில். இலை போடும் வேளை வந்தவுடன், அவருடைய தாள்களை யாரோ வாரி எடுத்து அலமாரியின்மேல் வைத்துவிடுகின்றனர். அதனை ஒருவரும் கலைத்தலாக எண்ணுவதில்லை. சமையலறையின் அஞ்சறைப்பெட்டியும் ஓர் ஒழுங்கே. கடுகு இருக்கும் அறையிற் சீரகத்தையும், சீரகத்தின் அறையில் வெந்தயத்தையும் மாற்றி வைத்துவிட்டு, உதவி செய்தேன் என்று மகிழும் கணவர், தம் மேசையைத் தொட்டவரிடம் சினங்கொள்ளுதல் முறையன்று. தன் ஒழுங்குக்கு மதிப்பு வேண்டுபவர், பிறர் ஒழுங்கையும் ஒழுங்கென்று மதித்தல் வேண்டும். தனி மேசை இல்லாதவர்க்கு, ஒரு முழ அகலமேனும், பிறர் கை படாத இடம் ஒன்றை ஒதுக்கித் தருதல், ஆயிரம் முறை துடைத்துத் தருவதினும் மேலான உதவியாம்.

மேசைக்குடையவர்க்கு உரிமையோடு கடமையும் உண்டு. இதனைக் கணித மேதை இராமானுஜனின் தாள்கள் நமக்குக் கற்பிக்கின்றன. 1920-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அவருடைய கடைசி ஆண்டின் கணக்குத் தாள்கள் சில, கடல் கடந்து, இங்கிலாந்தில் வாட்சன் என்னும் கணிதப் பேராசிரியர் கையில் தங்கியிருந்தன. வாட்சன் 1965-ஆம் ஆண்டில் இறந்தார். அவரைப்பற்றி நினைவுக் கட்டுரை எழுதும் பொருட்டு அவர் இல்லத்திற்குச் சென்ற விட்டேக்கர் என்னும் அறிஞர், ஓர் அறையின் தரை முழுதும் ஏறத்தாழ ஓரடி உயரத்திற்குக் காகிதங்கள் கலந்து கிடப்பதையும், சில நாட்களில் அவை எரிக்கப்பட இருப்பதையும் கண்டார். அக்குவியலிற் கைவிட்டு எடுத்தபோது கிடைத்தவற்றுள் இராமானுஜனின் தாள்களும் இருந்தன. அவை 1968-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் நூல்நிலையத்திற்கு அனுப்பப்பெற்றன; 1976-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றை அங்கே கண்டு உலகறியச் செய்தார். அறுநூற்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் அத்தாள்களில் இருந்தன.

அவ்வீட்டாரைக் குறைகூறுதற்கு நமக்கு இடமில்லை. குவியலின் திறவுகோல் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தது. அவரோடு அதுவும் மறைந்தது. எஞ்சியோர்க்கு எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகத் தோன்றியிருக்குமாயின் அதில் வியப்பென்ன? ஆதலின், என் மேசையைத் தொடாதே என்று சொல்பவர், மேசையில் என்ன இருக்கின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். இது கல்லூரியைச் சேர்ந்தது, இது வங்கியைச் சேர்ந்தது, இது நண்பர் ஒருவர் கொடுத்தது, திருப்பித் தரவேண்டியது, இதனை எந்நாளும் எறியலாகாது என்று, ஆண்டிற்கு ஒருமுறையேனும் துணைவர்க்குக் குவியல்தோறும் காட்டிவைத்தல் நலம். நான்கு குவியலுக்கு நான்கு துண்டுச் சீட்டு எழுதி மேலே வைப்பினும் போதும். சொல்லப்படாத ஒழுங்கை மற்றவர் மதிப்பது அரிது.

இவ்வளவும் கொள்கை. செய்முறை எவ்வாறெனின், கூறுதும். முதலாவது, கேளாமல் தொடலாகாது. உடையவர் ஊருக்குப் போயிருக்கும் காலம் பார்த்து வியப்பளிக்க எண்ணுதல் வேண்டா. அவ்வியப்பு இனியதாய் முடிவது அரிது. இரண்டாவது, ஐயத்திற்கு இடமின்றி மேசைக்கு உரியவை அல்லாதவற்றை முதலில் எடுத்துவிடுக. ஆறிய காப்பி டம்ளரும், முறுக்குத் துணுக்கும், வாழைப்பழத் தோலும் எம்முறையிலும் அடங்கா. மூன்றாவது, தொடங்குமுன் கைப்பேசியால் மேசையை ஒரு படம் எடுத்துக்கொள்க. மறதிக்கு அது மருந்து. நான்காவது, ஒரு வேளையில் ஒரு குவியலையே எடுக்க வேண்டும். தாள் தாளாக எடாது, தடித்த அட்டையொன்றை அடியிற் செலுத்திக் குவியலை முழுதாகத் தூக்கி, திசை மாறாது தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் வைத்து, அவ்விடத்தை உலர்ந்த துணியாலும், பின்னர்ப் பிழிந்த ஈரத்துணியாலும் துடைத்து, ஈரம் நன்கு உலர்ந்தபின், இருந்த இடத்தில் இருந்த திசையிலேயே மீண்டும் வைக்க. குறுக்காக இருந்ததை நேராக்கற்க. அக்குறுக்கே ஒரு குறிப்பாயிருக்கலாம்.

ஐந்தாவது, திறந்திருக்கும் நூலை மூடற்க, செருகிய சீட்டை உருவற்க, கவிழ்ந்திருப்பதை நிமிர்த்தற்க. ஆறாவது, எதனையும் எறியற்க. குப்பையெனத் தோன்றுவனவற்றை ஒரு பெட்டியிலிட்டு, நாளைக் குறித்து, உடையவர் கண்ணிற் படும் இடத்தில் வைத்து, எறியும் தீர்ப்பை அவருக்கே விட்டுவிடுக. ஏழாவது, மேசையின் எல்லை கடந்து கட்டிலிலும் சன்னற் படியிலும் பரவிய காகிதங்களை எல்லைக்குள் திருப்பும் உரிமை வீட்டார்க்கு உண்டு. ஆயினும் அவற்றையும் கலவாமல், கட்டுக் கட்டாகவே திருப்புக. மேசைக்குரிய சட்டம் மேசையளவே. வீடு முழுவதும் ஒருவர் மேசையாகிவிடுதல் ஆகாது. இவ்வேழனையும் கைக்கொள்ள அரைமணி நேரத்திற்கு மேல் வேண்டாத மேசைகளே பெரும்பாலன. மனம் வந்தபடி அடுக்கினாற் கால்மணி நேரமே ஆகலாம். அம்மிச்சக் கால்மணி நேரமே துணைவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

மாணவர்கள், இஃது இல்லறத்தார் விஷயம், நமக்கென்ன என்று எண்ணற்க. விடுதியில் ஓர் அறையில் இருவரும் மூவருமாய் வாழ்கின்றீர்கள். தேர்வுக்கு முந்திய வாரத்தில் தோழன் தரையிற் பரப்பி வைத்திருக்கும் குறிப்புகளைப் பெருக்கும் பொருட்டு ஒன்றாய் வாரிக் கட்டியவன், அறையைத் தூய்மையாக்கினான். தோழனின் ஒரு வாரத்து உழைப்பைக் கலைத்தான். பிறர் ஒழுங்கை அறிந்து நடக்கும் பயிற்சிக்கு அவ்வறையினும் ஏற்ற பள்ளி வேறில்லை. அங்கே கற்றவர் பின்னர் வீட்டிலும், அலுவலகத்திலும், பொது வாழ்விலும் அதனை மறவார்.

நமக்கு விளங்காத ஒன்றைக் கண்டவுடன், அது முறையின்றிக் கிடக்கின்றது என்று முடிவு கட்டி, நம் முறையை அதன்மேற் சுமத்துதல் மனித இயல்பு. அன்புடையார் இடத்திலே இவ்வியல்பு மிகுதி. உதவி என்னும் பெயர் அதற்குத் துணையாக வந்துவிடுகின்றது. மற்றொருவர் மனம் நம்மனத்தினும் வேறாக அடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வடுக்கு கெடாதவாறு அவருக்கு வேண்டிய பணியைச் செய்தலே உண்மையான துணைமை. துணி எடுக்குமுன் ஒரு சொல் கேட்பவர்க்கும், கேட்டவர்க்கு முகஞ்சுளியாது விடையிறுப்பவர்க்கும் இது கைவரும்.